சாட்சி சொல்லாவிட்டால் என்ன?

அன்புள்ள சார்,

காரைக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவின் அடிக்குப் பயந்தே வளர்ந்தவள். இப்போது வயது 34. இன்றைக்கும் யாராவது குரலை உயர்த்தினால் கை நடுங்குகிறது. சபையில் ‘பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின’ என்ற வசனத்தைச் சொல்லி, உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல, அதாவது ஆண்டவர் எனக்குச் செய்ததை எல்லோர் முன்னும் எழுந்து சொல்ல, கூப்பிடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்காவது அப்பாவிடம் போய் ஒப்புரவாகு என்கிறார்கள். இரண்டும் என்னால் முடியவில்லை. வகுப்பில் ஒரு பையன், நான் டஸ்டரை எடுத்தாலே தலையைக் கையால் மூடிக்கொள்கிறான். பார்த்தால் அழுகை வருகிறது. எனக்கு விசுவாசம் குறைவா? இந்தக் காயத்தால் யாருக்கு என்ன பயன்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வசனம் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தில், 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சொன்னவர்கள் அப்படியே 12ஆம் அதிகாரம் வரை புரட்டியிருக்கலாம். தன் மாம்சத்தில் ஒரு முள் இருக்கிறது, அது நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டேன் என்று அதே பவுல் அங்கே எழுதுகிறார். முள் போகவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் வந்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

உயிர்த்த இயேசுவும் தழும்புகளோடுதான் வந்தார் (யோவான் 20). ஆனால் காட்டியது கதவு பூட்டிய வீட்டுக்குள், தம்முடைய ஆட்களுக்கு. எட்டு நாள் கழித்து, கேட்ட தோமாவுக்கு. தம்மைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்துவின் வாசலில் போய்க் காட்டவில்லை. மைக்கைப் பிடித்தால்தான் சாட்சி என்று சட்டம் ஒன்றும் இல்லை.

தேவகோட்டையில் என் அத்தை ஒருவர். தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தெருவில் எந்த வீட்டில் பச்சைப்பிள்ளை தவறினாலும், உதிரி மல்லிகை வாங்கித் துணியில் முடிந்துகொண்டு போவார். துக்க வீட்டுக்குப் பூவா என்று கூடப் போகும் எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து, “பால் கட்டியிருக்கா ஆத்தா?” என்பார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மார்பில் பூவை வைத்துக் கட்டிவிடுவார். பால் வற்றுவதற்கு நம் பக்கத்துப் பழைய வைத்தியம் அது. பிள்ளை போனது பாலுக்குத் தெரியாது என்பது, அழுதுகொண்டிருந்த அத்தனை பேரில் அத்தைக்குத்தான் நினைவிருந்தது.

இதற்காகத்தான் ஆண்டவர் அவர் பிள்ளையை எடுத்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உங்கள் அப்பா அடித்தது அப்பாவின் தப்பு. ஆண்டவர் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

அப்பாவிடம் போவது பற்றி. 1686இல் மறவ நாட்டில் (ராமநாதபுரம் பக்கம்) சித்திரவதைப்பட்ட போர்ச்சுக்கல் நாட்டுக் குருவானவர் அருளானந்தர், ஐரோப்பா போய்விட்டு அதே நாட்டுக்குத் திரும்பி வந்து, 1693இல் ஓரியூரில் வெட்டுப்பட்டார். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லும் அந்த ஊர்ச் செம்மண்ணை நானும் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். சரி, அது அவருக்கு வந்த அழைப்பு. மன்னிப்பது வேறு, அடித்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவது வேறு.

நடுக்கத்துக்கு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்துக்கும் அதற்கும் சண்டை கிடையாது.

அப்புறம் அந்தப் பையன். மற்றவர்கள் சேட்டை என்று நினைத்திருப்பார்கள். உங்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் அடி விழுகிறது என்று உறுதியானால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசுங்கள். அதுவரை, டஸ்டரை எடுக்கும் முன் அவன் பார்க்கிறானா என்று கவனித்து மெதுவாக எடுங்கள். கை எப்போது கீழே இறங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.