21 டிகிரி அடிப்பாகம் இருந்தால் படகு அறையாதா?

கேள்வி: என்னிடம் ஐந்தரை மீட்டர் மோட்டார் படகு இருக்கிறது. அரை மீட்டர் அலை இருந்தாலே அடிப்பாகம் தண்ணீரில் பளார் பளார் என்று அறைகிறது. முன்னால் உட்காரும் என் மனைவிக்கு முதுகுவலியே வந்துவிட்டது. ஒரு தரகர் 6 மீட்டர் பழைய படகு ஒன்றைக் காட்டுகிறார். ‘இது 21 டிகிரி டீப் வி, அலையை வெட்டிக்கொண்டு போகும், பி வகைச் சான்றும் இருக்கிறது’ என்கிறார். என் படகு 12 டிகிரிதானாம். மாற்றினால் இந்த அறை நிற்குமா?

பதில்: குறையும், நிற்காது. எவ்வளவு குறையும் என்பது தரகர் சொன்ன அந்த ஒற்றை எண்ணை மட்டும் பொறுத்ததில்லை.

அடிப்பாகம் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் எவ்வளவு சரிந்து மேலேறுகிறது என்பதைத்தான் 12, 21 என்று சொல்கிறார்கள். உள்ளங்கையை விரித்துத் தண்ணீரில் அடிப்பதற்கும் கையின் விளிம்பால் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவு நகருக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த ‘மாப்பி’ என்ற படகு கொந்தளித்த கடலில் மற்றவற்றைப் பின்தள்ளி வென்றது. அதன் சரிவு, படகின் பின்முனைச் சுவரான பின்பலகை வரை சுமார் 24 டிகிரி. இப்படிச் சரிவு அதிகமுள்ள V வடிவ அடிப்பாகம்தான் டீப் வி. அன்றிலிருந்து ‘டீப் வி’ என்ற பெயரை ஒட்டாத விளம்பரமே இல்லை.

சரி, 12லிருந்து 21க்குப் போனால் என்ன கிடைக்கும்? படகு ஆய்வாளர்களான சாவிட்ஸ்கியும் பிரவுனும் 1976இல் தந்த ஒரு சூத்திரம் இதற்கு உதவும். நீளம், அகலம், எடை, வேகம் எல்லாம் அப்படியே இருக்க, சரிவு மட்டும் மாறினால் படகின் நடுவில் விழும் குத்து ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே சூத்திரத்தில், ஓடும்போது படகு மூக்கைத் தூக்கியிருக்கும் கோணத்தை 4 டிகிரியிலிருந்து 3க்கு இறக்கினாலும் அதே கால் பங்கு குறைகிறது. வேகத்தை 25 நாட் (மணிக்கு 25 கடல்மைல்) என்பதிலிருந்து 20க்குக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தரகர் இந்த இரண்டையும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

ஆகவே படகு வாங்கும் முன் இப்போதுள்ள படகில் ட்ரிம் டேப் இருக்கிறதா பாருங்கள். பின்பலகையின் அடியில் கீழே இறங்கும் இரண்டு உலோகத் தகடுகள் அவை. எதிர் அலையில் அவற்றை இறக்கி மூக்கைத் தாழ்த்தினால், முன்பக்கத்தின் கூரான பகுதி முதலில் அலையைத் தொடும். தகடு இல்லையென்றால் இன்ஜினை உள்பக்கமாக, அதாவது பின்பலகையை நோக்கிச் சாய்த்து ட்ரிம் செய்தும் ஓரளவு இதைச் சாதிக்கலாம். பேட்டரி, ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் பின்னால் குவித்து வைத்திருந்தால் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அலை பின்னாலிருந்து வரும்போது மூக்கைத் தாழ்த்தவே கூடாது. பின்னலை படகின் வாலைத் தூக்கும். தாழ்ந்த மூக்கு முன்னால் இருக்கும் அலையின் முதுகில் புதையும். புதைந்த மூக்கு தானே திசை திருப்பத் தொடங்கும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு முதுகைக் காட்டாமல் விலாவைக் காட்டும். கவிழ்வது அப்படித்தான். போகும்போது எதிர் அலைக்காக இறக்கிய தகட்டை, திரும்பும்போது ஏற்ற மறந்துவிடுகிறார்கள். கரைக்குத் திரும்பும் வேளையில், அதுவும் முகத்துவாரத்தில், அலை பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். படகைத் திருப்பியதும் முதல் வேலை தகட்டை ஏற்றுவது. பின்னலையில் மூக்கு சற்றுத் தூக்கலாகத்தான் இருக்க வேண்டும்.

இனி அந்த 21 டிகிரிக்கு வருவோம். அது பின்பலகையில் அளந்தது. படகு அலையில் விழுவதோ நடுப்பகுதியிலும் அதற்குச் சற்று முன்னாலும். பின்னால் 18, நடுவில் 25 என்று முறுகி ஏறும் அடிப்பாகம், பின்னால் 21 இருந்தும் முன்னால் மொண்ணையாக முடியும் அடிப்பாகத்தைவிட மென்மையாக ஓடலாம். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. மூக்கருகே அளந்து ‘45 டிகிரி’ என்பார்கள். மூக்கருகே எந்தப் படகும் கூர்தான்! நீங்களே அளந்துவிடுங்கள். படகு ட்ரெய்லரில் இருக்கும்போது நேரான ஒரு மரச்சட்டத்தை அடிப்பாகத்தில் குறுக்காகப் பொருத்தி, நீளவாட்டில் ஓடும் மேடுகளைத் தவிர்த்து, அதன்மேல் கைபேசியின் மட்டமானியை வைத்தால் போதும். பின்பலகையில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை. தரை சாய்வாக இருக்கலாம் என்பதால் இடம் வலம் இரண்டையும் அளந்து சராசரி எடுங்கள்.

இன்னொன்று. பக்கக் காற்றில் டீப் வி படகு காற்றை நோக்கிச் சாயும். 8 டிகிரி சாய்ந்தால் அந்தப் பக்கத்து 21 தண்ணீருக்கு 13 ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய கூர் போயே போச்சு. ஒரு பக்கத் தகட்டை மட்டும் இறக்கி நிமிர்த்தினால் சரியாகும். தகடு இல்லாத டீப் வி பாதிப் படகுதான் என்பேன். அப்புறம், நங்கூரமிட்டு நிற்கும்போது டீப் வி அதிகம் உருளும். அதே வேகத்துக்கு அதிக எரிபொருளும் கேட்கும்.

தரகர் ‘அகலமான படகு, வசதியானது’ என்றும் சொல்லியிருப்பாரே? நிற்கும்போது வசதிதான். ஓடும்போது அதே எடைக்கு அகலம் கூடினால் குத்தும் கூடும். எடை கூடினால் குத்து குறையும், இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய படகுகளில் தளத்துக்கு அடியில் நிரப்பிய நுரைப்பொருள் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து நூற்றுக்கணக்கான கிலோ கனத்திருக்கலாம். அந்தப் படகு சோதனை ஓட்டத்தில் மெத்தை மாதிரி ஓடும். ‘பாருங்கள், எவ்வளவு மென்மை!’ என்பார் தரகர். எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ட்ரெய்லர், இன்ஜின், எரிபொருள் கழித்த எடை, தயாரிப்பாளர் சொன்னதைவிட மிக அதிகம் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். இலகுவான டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்காகச் செய்த படகில் கனத்த ஃபோர் ஸ்ட்ரோக்கை மாட்டியிருந்தால் வால் அமுங்கி மூக்கு தூக்கும். மூக்கைத் தாழ்த்திப் பெறலாம் என்று நான் மேலே சொன்ன அந்த ஒரு டிகிரி அங்கேயே போய்விடும்.

பி வகைச் சான்று? அந்த ஐரோப்பியச் சான்று, பியூஃபோர்ட் காற்று அளவில் 8 வரை, அலை 4 மீட்டர் வரை படகு தாங்கும் என்பதைப் பற்றியது. கவிழாமை, மூழ்காமை, கட்டமைப்பின் வலிமை பற்றிப் பேசும். முதுகெலும்பு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதைத்தான் எத்தனை வருடமாகச் சொல்லிக் கத்துகிறோம். ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டு விதிப்படி, வேலைக்காகப் படகோட்டுபவரின் உடல் எட்டு மணி நேர வேலைநாளில் தாங்கும் அதிர்வுக்கு 1.15 மீட்டர்/வினாடி² என்று வரம்பு உண்டு. குடும்பத்தோடு போகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஓட்டம் எவ்வளவு குத்தும் என்று அளந்து படகின் விவரப் பலகையில் பொறிக்கவும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கப் ஹோல்டர் எத்தனை என்று மட்டும் விவரக்குறிப்பில் தவறாமல் இருக்கும்.

சோதனை ஓட்டத்தைத் தரகர் அதிகாலைக்குத்தான் வைப்பார். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், டேங்கில் கொஞ்சமே எரிபொருள், ஆள் இரண்டே பேர். கடற்காற்று எழும் பிற்பகலைக் கேளுங்கள். வழக்கமாக உங்களோடு வருகிறவர்கள், வழக்கமான சுமை, ஆக்ஸிலரேட்டர் உங்கள் கையில். எதிர் அலையில், பக்க அலையில், பின்னலையில் மூன்றிலும் ஓட்டுங்கள். ‘காற்று அதிகம், இன்று வேண்டாம்’ என்று அவர் தள்ளிப்போட்டால் உங்கள் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

மனைவியை முன் இருக்கையிலிருந்து எழுப்பிப் பின்னால், பின்பலகைக்கு அருகில் உட்காரச் சொல்லுங்கள். படகின் நடுவைவிட மூக்கில் குத்து அதிகம். முதுகுவலி விடாமல் இருந்தால் எந்தப் படகில் ஏறும் முன்பும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தகடு பொருத்தி, சுமையை நகர்த்தி, 18 நாட் வேகத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் போதவில்லை என்றால், அந்த 6 மீட்டர் படகை அளக்கப் போங்கள்.