வண்டுகளின் ரசாயன ஆயுதங்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: பாம்பார்டியர் வண்டு கொதிக்கக் கொதிக்கத் திரவம் பீய்ச்சுமாமே, அதன் வயிறு வெந்து போகாதா?

பதில்: போகாது. வயிற்றின் நுனியில் உள்ளறை, வெளியறை என இரண்டு உண்டு. ஹைட்ரோகுவினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரண்டு ரசாயனங்களும் தனித்தனிப் பைகளில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, உள்ளறையில் கலந்தேதான் கிடக்கின்றன. நொதி சேராதவரை சும்மா இருக்கும். எதிரி சீண்டினால் கலவை துளித்துளியாக வெளியறைக்குப் போகும். நொதிகள் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த கணமே எரிச்சலூட்டும் பென்சோகுவினோன் உருவாகி, ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெடித்துப் பாயும். அந்த வெடிப்பின் அழுத்தமே இடையிலுள்ள வால்வை மூடிவிடும். அழுத்தம் தணிந்தால் திறந்து அடுத்த துளியை விடும். இப்படி நொடிக்குச் சுமார் 500 முறை! வெளியறைச் சுவரும் கெட்டியானது.

கேள்வி: சரி, தேரை லபக்கென்று விழுங்கிவிட்டால்?

பதில்: உள்ளே போயும் வெடிக்கும். ஜப்பானில் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனையில், விழுங்கிய தேரைகளில் 43 சதவீதம் வண்டை வாந்தியெடுத்தன. ஒன்று 107 நிமிடம் கழித்து! வெளியே வந்த வண்டுகள் உயிரோடுதான் இருந்தன.

கேள்வி: ராத்திரி கழுத்தில் ஊர்ந்த சின்னப் பூச்சியை நசுக்கிவிட்டேன். ஒரு நாள் கழித்து, கோடு இழுத்த மாதிரி கொப்புளம். கடித்துவிட்டதா சார்?

பதில்: நீங்கள் சொல்வது பெடெரஸ் வண்டு போலத் தெரிகிறது. அது கடிக்காது, கொட்டாது. நசுக்கும்போது அதன் ரத்தத்திலுள்ள பெடெரின் என்ற விஷம் தோலில் படுகிறது. இழுத்துத் தேய்த்த தடத்திலேயே கொப்புளம் வரும். வேடிக்கை என்னவென்றால், பெடெரினை வண்டு தயாரிப்பதில்லை, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா தயாரிக்கிறது. இனி நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: பொறிவண்டைப் பிடித்தால் கையில் மஞ்சளாக ஒட்டுகிறதே?

பதில்: அதன் ரத்தம்தான். கால் மூட்டு வழியாகக் கசியவிடும். ஆல்கலாய்டு கலந்த கசப்பு.

கேள்வி: கொப்புள வண்டில் ஆணிடம்தான் விஷம் உண்டா?

பதில்: கேன்தரிடின் என்ற அந்த விஷத்தைப் பெரும்பாலும் ஆண்தான் தயாரிக்கிறது. ஆனால் இணை சேரும்போது பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்துவிடும். பெண் அதை முட்டைகளுக்குப் போகவிடும். அப்புறம் எந்த எறும்பு அந்த முட்டையில் வாய் வைக்கும்?

கேள்வி: வீட்டில் வளர்க்கும் ஓணானுக்கு மின்மினி கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சில மின்மினிகளில் லூசிபுஃபாஜின் என்ற இதய விஷம் இருக்கிறது; வளர்ப்பு ஓணான்கள் அதனால் செத்திருக்கின்றன. ஃபோட்டூரிஸ் இனப் பெண் மின்மினிக்கு இந்த விஷத்தைப் போதுமான அளவு தயாரிக்க வராது. அதனால் ஃபோட்டினஸ் இனப் பெண்ணைப் போல மினுக்கி, நம்பி வரும் ஆணைத் தின்று விஷத்தைச் சேர்த்துக்கொள்கிறது.