பல்கலைக்கழகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி எதற்கு?

இந்தக் கட்டடத்தில் என்னென்ன ஆபத்து உண்டு, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறி எங்கே கூட வேண்டும், முதலுதவிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் வேலையில் சேர்ந்த உடனேயே நேரில் காட்டிச் சொல்லித் தருவதுதான் இந்தப் பயிற்சி.

புது வீட்டுக்குக் குடிபோனதும் மெயின் சுவிட்ச் எங்கே என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்கிறோம் இல்லையா? கரண்ட் போன பிறகு இருட்டில் தேட முடியாது. இதுவும் அப்படித்தான். ஒருவர் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த இடம் அவருக்குப் புதிது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 2008 டிசம்பர் 29 அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. சில மாதங்களுக்கு முன்புதான் வேலைக்குச் சேர்ந்த 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் வேதிப்பொருளைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். அது சிந்தி உடையில் தீ பற்றியது. அவர் ஆய்வகக் கோட்டு அணிந்திருக்கவில்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார். விசாரித்த மாநிலப் பாதுகாப்புத் துறை, அவருக்கு முறையான பயிற்சி தரப்படவில்லை என்று கண்டு அபராதம் விதித்தது. வேதியியல் பட்டம் பெற்றவருக்கே இந்த நிலை.

அப்புறம் ஒன்று: இது ஆய்வகக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, நாள் முழுக்கக் கணினி முன் உட்காரும் அலுவலக ஊழியருக்கும், ஏணியில் ஏறிப் புத்தகம் எடுக்கும் நூலகருக்கும், தரை துடைப்பவருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ற பயிற்சி உண்டு.