வானத்தந்தையை வீழ்த்தியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கர்களின் ஜீயஸ், ரோமானியர்களின் ஜூபிடர், வேதத்தின் த்யௌஸ் பிதா (வானத்தந்தை) மூவரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று படித்தேன். அங்கே அவர்கள் தெய்வங்களுக்கே அரசர்கள். இங்கே த்யௌஸின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆதியில் அரசனாக இருந்தவரை இந்திரன் கொன்றுவிட்டான் என்கிறார் நண்பர். உண்மையா? அவர் முற்றாக மறைந்துவிட்டாரா?

க.

அன்புள்ள க.,

தன் தந்தை க்ரோனஸைத் தள்ளிவிட்டு ஜீயஸ் அரியணை ஏறிய கதை மனதில் இருப்பதால் இங்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் த்யௌஸ் அரியணையில் இருந்த காலத்தையே ரிக்வேதம் காட்டவில்லை. அதன் 1028 பாடல்களில் ஏறத்தாழக் கால்பங்கு இந்திரனுக்கு. த்யௌஸுக்கென்று தனிப்பாடல் ஒன்றுகூடக் கிடையாது. பூமியோடு சேர்த்து 'த்யாவாப்ருதிவீ' என்று இருவரையும் பாடும் ஆறு பாடல்கள் உண்டு, அவ்வளவே. மற்றபடி விடியலின் தேவியான உஷஸின் தந்தை, அஸ்வினிகளின் முன்னோர் என்று பிள்ளைகளைச் சொல்லும்போது கூடவே வருவார். 'இன்னாரோட அப்பா' என்றே அழைக்கப்பட்டு, சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோன பெரியவரைப் போல.

நண்பர் மனதில் இருப்பது ரிக்வேதத்தின் 4ஆம் மண்டலத்தின் (பகுதியின்) 18ஆம் பாடலாக இருக்கவேண்டும். தந்தையைக் காலைப் பிடித்து இழுத்து அழித்தாயே, உன் தாயை விதவையாக்கியது யார் என்று இந்திரனிடம் கேட்கும் ஒரு செய்யுள் அதில் உண்டு. அந்தத் தந்தையின் பெயர் அங்கே இல்லை. முந்தைய பாடலில் இந்திரனைப் பெற்றவராக த்யௌஸ் வருவதால் அவர்தான் என்பார்கள். தேவர்களின் தச்சனான த்வஷ்டாதான் என்பவர்களும் உண்டு. ஒரு செய்யுளை வைத்து ஓர் ஆட்சிக்கவிழ்ப்பையே எழுப்ப எனக்குத் துணிச்சல் வராது.

நான் காணும் வேறுபாடு இதுதான். ஜீயஸ் இடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். இங்கே வஜ்ரம் இந்திரனுக்குப் போயிற்று, மழை பர்ஜன்யனுக்கு, ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு வருணனுக்கு. த்யௌஸுக்கு எஞ்சியது வானமாக இருப்பது மட்டும். அது சிறிய விஷயமில்லை. முதல் மண்டலத்தின் 185ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். வானும் பூமியுமான இவ்விருவரில் முன்னவர் யார், பின்னவர் யார், எப்படிப் பிறந்தார்கள், கவிகளே, யாருக்குத் தெரியும் என்று கேட்டுத் தொடங்குகிறது. அடுத்த செய்யுளில், நடக்காத, காலில்லாத இந்த இருவர், நடமாடும் கால்கொண்ட அத்தனை உயிர்களையும் பெற்றோர் மடியில் பிள்ளையைத் தாங்குவதுபோலத் தாங்குகிறார்கள். இந்திரன் மேல் பாடிய எத்தனையோ வெற்றிப்பாடல்களுக்கு இந்த ஒன்றை ஈடாகத் தரலாம்.

மறைந்துவிட்டாரா என்றால், இல்லை. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வசுக்கள் என்னும் எட்டுத் தேவர்களில் ஒருவராகத் திரும்ப வருகிறார். இம்முறை மனைவி ஆசைப்பட்டாள் என்பதற்காக வசிஷ்டரின் பசுவைத் திருடுகிறவர்! சாபம் பெற்று கங்கையின் வயிற்றில் பிறக்கிறார். மற்ற ஏழு வசுக்களுக்கும் உடனே விடுதலை. இவருக்கு மட்டும் நீண்ட ஆயுள், பிள்ளையில்லாத வாழ்வு. பீஷ்மர்தான் அவர். எல்லோருக்கும் தந்தையாக இருந்தவர் பிள்ளையில்லாமல், ஆனால் பிதாமகர் என்ற பெயரோடு வாழ்கிறார். வியாசர் தெரிந்தே செய்தார் என்று வாதிட மாட்டேன், ஆனால் தற்செயல் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை.

இன்றும் வைதிக முறைத் திருமணங்களில் ஏழடி வைத்து முடித்ததும் மணமகன் சொல்லும் மந்திரத்தில் 'த்யௌரஹம் ப்ருதிவீ த்வம்' என்று வரும். நான் வானம், நீ பூமி. அடுத்த கல்யாணத்தில் சாஸ்திரிகளுக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் கவனித்துக் கேளுங்கள்.