வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 50. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு எல்.ஐ.சி. பத்திரத்தைத் தேடி பீரோவைத் திறந்தபோது, ஒரு பெண் குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீதுகள் கட்டாக இருந்திருக்கின்றன. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் இவருடைய கணவர் பெயர். 20 வருடங்களுக்கு முன் வெளியூரில் வேலை பார்த்தபோது அவர் இன்னொரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டியிருக்கிறார். அந்த மகளுக்கு இப்போது 19 வயது. விஷயம் மாமியாருக்குத் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். ஓசூரில் வேலை பார்க்கும் 26 வயது மகனுக்கு இன்றுவரை தெரியாது.

இந்த ஒரு வருடமாக, மனைவியை இழந்த ஒருவரோடு பழக்கம். ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார், மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. "உங்களுக்குச் சம்மதம்னா மிச்ச நாளைச் சேர்ந்தே இருந்துடலாம்" என்று கேட்டிருக்கிறார். சகோதரிக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் தூக்கம் வரவில்லை. "இது நிஜமாகவே பிரியமா, இல்லை செத்துப்போனவர் மேல் இருக்கும் ஆத்திரமா? பழைய கதையை அவரிடம் சொல்ல வேண்டுமா? மறுமணம் செய்தால் வீடும் போகும், பென்ஷனும் போகும் என்கிறாள் நாத்தனார். உண்மையா? சுவரில் மாட்டியிருக்கும் படத்தை என்ன செய்வது?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். "ரசீதைப் பார்த்த அன்றிலிருந்து அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கணவர் போய் ஒரு மாதம் அழுதீர்கள். அதற்குள் ரசீது கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அழுவதற்கே அவமானமாகிவிட்டது. யாருக்காக அழுகிறோம் என்றே புரியவில்லை. கூட வாழ்ந்த மனிதர் போய்விட்டார். அவர் இப்படிப்பட்டவர் என்று நீங்கள் நம்பியிருந்த ஆளும் போய்விட்டார். முதல் சாவுக்கு ஊரே வந்து உட்கார்ந்தது. இரண்டாவதற்கு யாருமே வரவில்லை, வரவும் முடியாது, ஏனென்றால் வெளியே சொல்லவே இல்லை. துக்கம் பாதியில் நின்றுபோனதில் ஆச்சரியம் இல்லை.

துக்கம் படிப்படியாக இறங்கிக் கடைசியில் சமாதானம் ஆகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து நிலைகள் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் எழுதியவை. அவர் பார்த்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை. பின்னால்தான் அதைத் துணையை இழந்தவர்களுக்கும் பொருத்த ஆரம்பித்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் சொன்னது உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். துக்கத்தில் இருப்பவர் ஊஞ்சல் மாதிரி போய்வருவார் என்றார்கள். ஒரு பக்கம் இழப்பு, இன்னொரு பக்கம் அன்றாட வாழ்க்கை, புது உறவுகள். காலையில் அழுதவர் மதியம் சிரிப்பது இயல்புதான். ஆக, அந்த மனிதர் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போது சந்தோஷமாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததும் நெஞ்சு எரிகிறது என்கிறீர்களே, அதனால் உங்கள் பிரியம் பொய் என்று ஆகிவிடாது.

ஆனால் ஆத்திரமா என்ற கேள்வியைத் தள்ளிவிடவும் கூடாது. அதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அவரோடு இருப்பதை மனதில் நினைத்துப் பாருங்கள். அந்தக் காட்சியில் யார் இருக்கிறார்கள்? நீங்களும் அவரும் காபி குடித்துக்கொண்டு இருக்கிறீர்களா? அல்லது நாத்தனார் வாயடைத்து நிற்கிறாரா, மாமியார் முகம் சுண்டிப்போகிறதா? இரண்டும் வந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலோருக்கு இரண்டும் வரும். இரண்டாவது மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். அவர் காத்திருப்பார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

தூக்கம் வராதது எவ்வளவு நாளாக என்று நீங்கள் எழுதவில்லை. மாதக்கணக்கில் தொடர்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறது. இழப்புக்கு ஆறு மாதம் கழிந்தும் அது ஒருவரை முடக்கிப்போட்டால் சிகிச்சை தேவை என்பது கணக்கு. உங்களுக்கு மூன்று வருடம் ஆகிறது. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். இதில் நான் உங்களோடு கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன்.

உங்களை அதிகமாக அறுத்தது எது? அந்தப் பெண்ணா, குழந்தையா? "அத்தைக்கே தெரிந்திருக்கிறது, ஒரே வீட்டில் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார்" என்றுதான் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரி. இன்றைக்கு அந்த வீட்டில் யாருக்குத் தெரியாது? உங்கள் மகனுக்கு மட்டும்தான். மாமியார் உங்களுக்குச் செய்ததையே, அவன் மேல் இருக்கும் பாசத்தால், நீங்கள் அவனுக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். நாளைக்கு வாரிசுப் பிரச்சனையிலோ, ஒரு கல்யாண வீட்டில் யாரோ வாய்தவறிச் சொல்லியோ தெரிந்தால், அப்பா மறைத்ததை விட அம்மா மறைத்ததுதான் அவனுக்கு வலிக்கும்.

அதனால் முதலில் மகனிடம் சொல்லுங்கள். மறுமணப் பேச்சையும் இதையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள். சேர்த்தால், "அப்பா கெட்டவர், அதனால் நான் வேறு கல்யாணம் செய்துகொள்கிறேன்" என்று நியாயம் கற்பிப்பது போல அவன் காதில் விழும். இரண்டுக்கும் நடுவில் சில வாரங்களாவது இருக்கட்டும். போனில் வேண்டாம். நீங்களே ஓசூருக்குப் போங்கள். ரசீதுக் கட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். கேள்விப்பட்டதை எல்லாம் விடுத்து, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "உனக்கு அப்பா நல்ல அப்பாவாகத்தான் இருந்தார். எனக்கு ஒன்றை மறைத்துவிட்டார்" என்று ஆரம்பித்தால் அவன் அப்பாவை அவனிடமிருந்து பிடுங்காமலே உண்மையைச் சொல்லிவிடலாம். அவன் கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். நீங்கள் மூன்று வருடம் எடுத்துக்கொண்டீர்கள், அவனுக்கு ஒரு மாதமாவது கொடுங்கள்.

அப்புறம் அந்த மனிதரிடம். சொல்ல வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம், கல்யாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். ஆனால் முழுக்கதையும் வேண்டாம். கணவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது, ஒரு மகள் இருக்கிறாள், சொத்தில் அவளுக்கு உரிமை உண்டு, எனக்கு இன்னும் சில நாள் ராத்திரியில் நம்பிக்கை ஆட்டம் காணும்: இவ்வளவு போதும். அந்தப் பெண்ணின் பெயர், படிக்கும் கல்லூரி, அவளுடைய அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்பதையெல்லாம் நீங்கள் வெளியே சொல்லலாகாது. அந்த 19 வயதுப் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. கடைசியில் நம்பிக்கையைப் பற்றிச் சொன்னேனே, அதை விட்டுவிடாதீர்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் தாமதமாக வந்தால் உங்கள் வயிறு கலங்கும். காரணம் தெரிந்தால் அவரால் தாங்க முடியும். தெரியாவிட்டால் தன்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். அவரிடமும் கேளுங்கள்: மனைவி எப்படி இறந்தார், கடன் இருக்கிறதா, மகளும் மாப்பிள்ளையும் என்ன சொல்கிறார்கள்? கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

நாத்தனார் சொன்ன சொத்து விஷயம். அது பழைய சட்டத்தின் மிச்சம். ஈசுவர சந்திர வித்யாசாகர் பாடுபட்டு 1856-இல் வந்த விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. ஆனால் மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தில் உரிமை போய்விடும் என்றும் எழுதி வைத்தது. அந்தச் சட்டமே 1983-இல் நீக்கப்பட்டுவிட்டது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் உயில் எழுதாமல் இறந்த அந்த நிமிடமே உங்கள் பங்கு உங்களுடையதாகிவிட்டது, முழு உரிமையோடு. இன்றைக்கு நீங்கள் மறுமணம் செய்தாலும் அது திரும்பிப் போகாது.

ஆனால் பங்கு எவ்வளவு என்பதில் நீங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வீடு கணவர் சொந்தமாகக் கட்டியது என்கிறீர்கள். நீங்கள், மகன், மாமியார் மூவர் பெயரில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும்போதே நடந்த அந்தக் கோயில் கல்யாணம் செல்லாது. அந்தப் பெண்மணிக்குப் பங்கு இல்லை. ஆனால் அதில் பிறந்த மகள், இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி சட்டப்படியான பிள்ளைதான். தகப்பன் சொத்தில் அவளுக்குப் பங்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றமும் செப்டம்பர் 2023-இல் மறுபடி உறுதிசெய்திருக்கிறது. எனவே நான்கு பேர், ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. அவள் வழக்குப் போட்டால் அந்தக் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கும்; ஆனால் உண்மை தெரிந்த நீங்கள் அதை நம்பிக்கொண்டு உட்காரக் கூடாது. மூன்று பேர் கையெழுத்தோடு வீட்டை விற்கவோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதவோ இப்போது போகாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பென்ஷனில் நாத்தனார் சொன்னது சரி. தமிழ்நாடு அரசின் ஓய்வூதிய விதிகளில் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இறப்பு வரை அல்லது மறுமணம் வரைதான். மகனுக்கு 25 தாண்டிவிட்டதால் அவனுக்கும் போகாது. இதனால்தான் சிலர் தாலி மட்டும் கட்டிக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வருடா வருடம் கருவூல நேர்காணலில் மறுமணம் செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கிறீர்களே, அது பொய்யாகிவிடும். பின்னால் தெரிந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். எல்லாவற்றையும் விட, இன்னொரு மறைமுகக் கல்யாணம் உங்கள் வாழ்க்கையில் எதற்கு? பென்ஷன் போனால் மாதம் எவ்வளவு குறையும், உங்கள் தையல் வருமானம் எவ்வளவு, அவருடைய கடை வருமானம் எவ்வளவு என்று இருவரும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதில் ஒரு குறைவும் இல்லை.

கணக்கு ஒத்துவந்தால், செலவே வேண்டியதில்லை. அண்ணா ஆட்சியில் 1967-இல் சட்டமான சுயமரியாதைத் திருமண முறை இருக்கிறது: உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், புரோகிதர் கட்டாயமில்லை. 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் கணவருடைய இறப்புச் சான்றிதழும் அவர் மனைவியின் இறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். கல்யாணத்துக்கு அடுத்த வாரமே இருவரும் உயில் எழுதுங்கள். நீங்கள் உயில் இல்லாமல் இறந்தால் உங்கள் பங்கு மகனுக்கும் புதுக் கணவருக்கும் சமமாகப் போகும். மகன் வாய்விட்டுச் சொல்லாத பயம் அதுவாகவும் இருக்கலாம். உங்கள் பங்கு அவனுக்கே என்று எழுதிக் காட்டினால் அந்தப் பேச்சு முடிந்தது.

மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 78 வயது. நீங்கள் போன பிறகு அவரை யார் பார்ப்பது என்பதை நாத்தனாரோடு முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். மன்னிக்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். "ஏன் அத்தை என்கிட்ட சொல்லலை?" என்று ஒருமுறை நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இருக்காது. மகனைக் காப்பாற்ற நினைத்தேன் என்பார், அல்லது அழுவார். ஆனாலும் கேட்ட பிறகு உங்களுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாகும். இந்த மாதிரி வீடுகளில் பல தடவை அதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, படம். இப்போதைக்கு மாலை போட வேண்டாம், கழற்றவும் வேண்டாம். உள்ளறையில் மாற்றி மாட்டுங்கள். புது வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்பதை மகனிடம் சொன்ன பிறகு யோசிக்கலாம். அவன் ஓசூருக்கு எடுத்துப்போகிறேன் என்று கேட்டால், துடைத்துக் கொடுத்தனுப்புங்கள்.