தண்ணீர் விடாத தர்பூசணி சாலட்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: கோடையில் விருந்தினர் வரும்போது தர்பூசணியும் ஃபெட்டா சீஸும் கலந்து சாலட் செய்கிறேன். செய்தவுடன் ருசி பார்த்தால் அருமையாக இருக்கிறது. ஆனால் பரிமாறும் நேரத்துக்குள் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, சீஸ் குழைந்து, பழம் துவண்டுவிடுகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, கலக்கும் நேரத்தில்தான் குறை இருக்கிறது. தர்பூசணியில் ஏறத்தாழ 92 விழுக்காடு தண்ணீர். அது பழத்தின் மெல்லிய செல்களுக்குள் அடைபட்டிருக்கும் வரை கடிக்கும்போது மொறுமொறுப்பாகத் தெரிகிறது. வெட்டிய பழத்தின் மேல் உப்புப் பட்டதும், செல்லுக்கு உள்ளே இருக்கும் தண்ணீர் உப்பு மிகுந்த வெளிப்பக்கத்துக்கு இழுக்கப்படுகிறது. நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்பைத் தூவிச் சிறிது நேரம் விட்டால் தட்டு நனைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாலட் கிண்ணத்திலும் அதுவேதான் நடக்கிறது. நீங்கள் தனியாக உப்புச் சேர்க்காவிட்டாலும், உப்புநீரில் ஊறி முதிர்ந்த ஃபெட்டாவே அந்த வேலையைச் செய்துவிடும். ஒரு ஃபெட்டாத் துண்டைத் தர்பூசணியின் மேல் வைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். சீஸ் இருந்த இடம் மட்டும் பளபளவென்று ஈரமாக இருக்கும்; சீஸின் அடிப்பக்கமோ இளஞ்சிவப்பாக மாறியிருக்கும்.

எனவே இந்த சாலட்டை முன்கூட்டியே கலந்து வைக்கவே கூடாது. முன்கூட்டியே தயார் செய்யலாம், கலப்பது மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் நடக்க வேண்டும். நான்கு பேருக்கு, தோலும் விதையும் நீக்கிய தர்பூசணி 800 கிராம், ஃபெட்டா 150 கிராம், நடுத்தர அளவு வெள்ளரிக்காய் ஒன்று, புதினா இலை இருபது, ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு சிறிது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தை இரண்டரை சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டுங்கள், அதைவிடச் சிறியதாக வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் கட்டம் ஒன்றை இரண்டரை சென்டிமீட்டர் கட்டங்கள் எட்டாகப் பிரித்தால் வெட்டுப்பட்ட பரப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது. இன்னும் பொடியாக நறுக்கினால் அந்தப் பரப்பு மேலும் கூடும், சாறும் அந்த அளவுக்கு வடியும். கத்தி கூராக இருப்பதும் முக்கியம், ஏனென்றால் மழுங்கிய கத்தி பழத்தை வெட்டுவதில்லை, நசுக்குகிறது.

வெட்டிய துண்டுகளை ஓட்டை வடிகட்டியில் போட்டு, அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் விடுங்கள். வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் விதைச் சதையைக் கரண்டியால் வழித்தெடுத்த பின் நறுக்குங்கள். தண்ணீரில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் அனுபவம். பரிமாறும் நேரம் வந்ததும் பழத்தையும் வெள்ளரியையும் அகலமான தட்டில் பரப்பி, முதலில் எண்ணெயைத் தெளித்து இலேசாகப் புரட்டுங்கள். பிறகு எலுமிச்சைச் சாறு, அதன் பிறகு புதினா, எல்லாவற்றுக்கும் மேலே ஃபெட்டா என்று வரிசையாகச் சேருங்கள். சீஸைச் சேர்த்த பின் கரண்டியைப் போட்டுக் கிளற வேண்டாம். ஆழமான கிண்ணத்தைவிட அகலமான தட்டு நல்லது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், கிண்ணத்தில் மேல்துண்டுகளின் கனம் அடித்துண்டுகளை நசுக்கிச் சாற்றை வெளியேற்றிவிடும் என்பதுதான்.

கேள்வி: ஃபெட்டா எங்கள் வீட்டில் சிலருக்கு மிகவும் உப்பாக இருக்கிறது. அதற்குப் பதிலாக வேறு எந்த சீஸைச் சேர்க்கலாம்?

பதில்: சீஸை மாற்றுவதற்கு முன் ஒரு வழியை முயன்று பாருங்கள். கட்டியாக வாங்கிய ஃபெட்டாவைக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, எடுத்து ஈரத்தை ஒற்றிவிட்டுப் பிறகு உதிர்த்தால் உப்பு நன்றாகவே தணிந்திருக்கும். முன்பே உதிர்த்து உறையில் வரும் ஃபெட்டா இதற்கு ஒத்துவராது. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கப் பல நேரங்களில் அதில் ஏதேனும் பொடி சேர்த்திருப்பார்கள், அது நாக்கில் மாவுபோலத் தட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஃபெட்டா என்ற பெயர் கிரேக்க நாட்டில் செம்மறியாட்டுப் பாலிலிருந்து, அதிகபட்சம் 30 விழுக்காடு வெள்ளாட்டுப் பால் சேர்த்துச் செய்யப்படும் சீஸுக்கு மட்டுமே உரியது. பசும்பாலில் அதேபோல் செய்யும் வெள்ளை சீஸ் சற்று மென்மையாகவும் புளிப்புக் குறைவாகவும் இருக்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழத்தைப் பார்த்து சீஸைத் தேர்ந்தெடுங்கள். பீச் பழத்துக்கும் மாம்பழத்துக்கும் தண்ணீரில் மிதக்கும் புதிய மொஸரெல்லா பொருந்தும். அதைக் கத்தியால் நறுக்காமல் கையால் பிய்த்துப் போட்டால் சொரசொரப்பான ஓரங்களில் எலுமிச்சைச் சாறு தங்கும். பேரிக்காய்க்கு, உள்ளே நீலப் பூஞ்சை படர்ந்த நீல சீஸ் மிகச் சிறிய அளவில் போதும். சைப்ரஸின் ஹலூமியைப் பற்றி இங்கே சற்றுக் கூடுதலாகச் சொல்ல எனக்கு ஆசை. செய்யும்போதே அதன் தயிர்க்கட்டியைச் சூடான மோர்த் தண்ணீரில் வேகவைத்துவிடுவதால், வாணலியில் போட்டாலும் அது உருகி ஓடாது. இருபுறமும் பொன்னிறமாகச் சிவந்து நிற்கும். அந்தச் சூடான துண்டைக் குளிர்ந்த தர்பூசணியின் மேல் வைத்து உடனே சாப்பிட்டுப் பாருங்கள். ஆறினால் ரப்பர்போல் ஆகிவிடும் என்பதால், அனைவரும் அமர்ந்த பிறகுதான் வாணலியை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: அன்னாசியும் மொஸரெல்லாவும் சேர்த்து காலையில் சாலட் செய்தேன். மதியம் கசந்தது. சீஸ் கெட்டுப்போயிருந்ததா?

பதில்: சீஸ் கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. சமைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைத் துண்டு துண்டாக உடைக்கக்கூடியது. பால் புரதம் அப்படி உடையும்போது கசப்பான சிறு துணுக்குகள் உண்டாகின்றன, சீஸும் மேற்பரப்பில் கூழாகிவிடுகிறது. கிவியிலும் பப்பாளியிலும் இதே வகை நொதிகள் உள்ளன. இந்தப் பழங்களைச் சேர்க்க விரும்பினால், தட்டில் பரிமாறும்போது சேர்த்து உடனே சாப்பிட வேண்டும். அல்லது அன்னாசித் துண்டுகளைக் காய்ந்த வாணலியில் உட்பகுதி வரை நன்றாகச் சூடாகும்படி வாட்டி, ஆறவைத்துக் கலக்கலாம். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஓரங்கள் சிவந்து இனிப்பும் கூடும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கர்ப்பிணிகள் இந்த சாலட்டைச் சாப்பிடலாமா?

பதில்: சீஸ் உறையில் பாஸ்சரைஸ் செய்த பாலில் தயாரித்தது என்று எழுதியிருந்தால் ஃபெட்டாவும் மொஸரெல்லாவும் சாப்பிடலாம். காய்ச்சாத பாலில் செய்த எந்த மென்மையான சீஸும் வேண்டாம். ப்ரீ, கமெம்பேர் போன்ற பூஞ்சைத் தோல் கொண்ட சீஸையும் மென்மையான நீல சீஸையும் நன்கு சூடாகச் சமைக்காமல் உண்ணக் கூடாது. இவற்றில் வளரக்கூடிய லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும். பழத்தை வீட்டில் புதிதாக வெட்டிச் சேர்ப்பதே நல்லது. உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வெளியில் எடுத்துச் சென்றால் இந்த சாலட் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: வெட்டிய தர்பூசணியையும் மென்மையான சீஸையும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். தர்பூசணி புளிப்பு மிகக் குறைந்த பழம் என்பதால் கிருமிகள் அதில் எளிதில் வளர்கின்றன. ஆகவே பழம், சீஸ், எண்ணெயும் எலுமிச்சையும் கலந்த சாறு ஆகிய மூன்றையும் தனித்தனி டப்பாக்களில் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் சென்று, போன இடத்தில் கலந்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தோலை உரித்து எறியப் போகிறோமே என்று பலர் தர்பூசணியைக் கழுவாமல் வெட்டுகிறார்கள். தோலில் ஒட்டியிருக்கும் மண்ணையும் கிருமியையும் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்த பிறகே வெட்டுங்கள்.

கேள்வி: புதினா கறுத்துப்போகிறது. என்ன செய்வது?

பதில்: கழுவிய இலையை ஈரம் போக ஒற்றி எடுத்து, கடைசி நேரத்தில் கையால் இரண்டாகக் கிள்ளிப் போடுங்கள். சிறிய இலைகளை முழுதாகவே விட்டுவிடலாம்.

கேள்வி: வடிகட்டியின் அடியில் சேர்ந்த தர்பூசணிச் சாற்றைக் கொட்டிவிடுவதா?

பதில்: கொட்டாதீர்கள். உப்புப் படுவதற்கு முன் வடிந்த சாறு அது, சுத்தமான இனிப்பு. அதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஆலிவ் எண்ணெயுடனும் எலுமிச்சையுடனும் அடித்து சாலட்டின் மேல் தெளித்தால், சர்க்கரையோ தேனோ தேவைப்படாது. மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, மறுநாள் குடிநீரில் போட்டுக்கொள்ளுங்கள்.