மரத்துப்போக ஊசி போட்டும் ஏன் வலித்தது?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கிவிட்டது. பிடுங்கப் போனேன். மரத்துப்போக இரண்டு ஊசி போட்டும் பல்லைத் தொட்டதும் உயிர் போகிற வலி. மாத்திரை கொடுத்து, நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்கள். போட்டது போலி மருந்தா, என் உடம்புக்குத்தான் மருந்து ஏறாதா?

பதில்: இரண்டும் இல்லை. சீழ்தான் மருந்தை உள்ளே விடவில்லை.

நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம்; உள்ளே ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். பல்லைக் குத்தினால் செல்லின் சவ்வில் உள்ள சோடியம் வாசல்கள் திறந்து, சோடியம் உள்ளே பாயும். அதனால் மாறும் மின்னழுத்தம் அடுத்த வாசலைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. வலிச் செய்தி இப்படித்தான் மூளைப் பக்கம் ஓடுகிறது.

பெரும்பாலும் போடப்படும் லிக்னோகெய்ன் இந்த வாசல்களை அடைக்கும் மருந்து. 1943இல் ஸ்வீடனில் உருவானது, இன்றும் அதுதான் கை கொடுக்கிறது. ஒரு சிக்கல்: அது வெளியிலிருந்து அடைக்காது, செல்லுக்குள் புகுந்து உள்பக்கமாக வந்துதான் அடைக்கும். சவ்வோ கொழுப்பாலானது. மின்னூட்டம் உள்ள மூலக்கூறுகளை எளிதில் விடாது. நல்ல சதையில் போட்டால் மருந்தில் சுமார் கால் பங்கு மின்னூட்டம் இல்லாமல் இருக்கும், அதுவே போதும். சீழ் கட்டிய இடத்தில் அமிலம் கூடிவிடும். அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 7.4இலிருந்து 6.4க்கு இறங்கினால், கணக்குப்படி அந்தக் கால் பங்கு நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கிவிடும்! போதாததற்கு, வீங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம். மருந்து சீக்கிரம் அடித்துச் செல்லப்படும். நரம்பும் ஏற்கெனவே கொதித்துப்போய், சின்னத் தூண்டலுக்கே துள்ளும்.

அதனால் உங்களைத் திருப்பி அனுப்பியதில் தப்பில்லை. ஆனால் மாத்திரை மட்டும் சீழை எடுத்துவிடாது. வடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். சீழிலிருந்து தள்ளி, தாடையின் பின்பக்கம் நரம்பருகே ஊசி போடும் முறையும் உண்டு. "போன தடவை மரக்கவில்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், நன்றாக மரத்த பிறகும் பல்லை அசைப்பது தெரியும். அழுத்தத்தைச் சொல்லும் நரம்பு இழைகள் தடிமனானவை, லேசில் அடங்காது. மெல்லிய வலி இழைகள்தான் முதலில் மரக்கும். அந்த அசைவு வலி இல்லை, பயப்பட வேண்டாம்.

வலி போய்விட்டதே என்று பல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலோ நான்கு நாள் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.